செவ்வாய்க் கிரகத்துப் பேரன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு லேத் ஓட்டியவன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். தாய் தகப்பன் யாரென்று அவனுக்கே தெரியாது. ஆனால் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு விண்வெளிப் படக்கதை நாயகனின் பரம்பரை அவனுக்கு அத்துப்படி. செவ்வாயில் பிறந்த பாட்டன், சோதனைக்குழாயில் பிறந்த தகப்பன், மூன்று கிரகங்களில் மூன்று மனைவிகள் என்று டீ நேரத்தில் ஒருவரையும் விடாமல் சொல்லுவான்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது எனக்குப் பிடித்த சொலவடை. சொல்லத்தான் பிடிக்கும்.

மாங்காட்டில் அவனுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் நாங்கள் பேனர் வைத்தோம். நாயகனின் வம்சத்தை மரமாகப் போட்டு, கடைசிக் கிளையில் இவன் படத்தை ஒட்டியிருந்தோம். யோசனை என்னுடையது.

பெண்ணின் தாய்மாமன் நின்று நிதானமாகப் படித்தார்.

"இன்னாப்பா இது? மாப்ளைக்குச் சொந்தம்னு யாரும் இல்லியா? அண்ணன்மாருங்க கீறாங்கன்னாரே."

"பூமில யாரும் இல்ல மாமா. மேல நிறைய பேர் கீறாங்க" என்றேன். எங்கள் ஷிப்டே சிரித்தது.

அவர் சிரிக்காமல் உள்ளே போனார். பொய் சொல்லிப் பெண் கேட்டான் என்று ஆரம்பித்த பேச்சு சத்தமாகி, கடைசியில் மேளக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டார்கள்.

பட்டு வேட்டியோடு வந்து அவனே பேனர் கயிற்றை அவிழ்த்தான். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன்.

"உட்ருண்ணாத்தே" என்றான். "அண்ணன்மாருங்கன்னு உங்களைத்தான் சொல்லி வெச்சிருந்தேன்."