ஆசாரி மூன்று முறை அளந்த மேசை

போன மாதம் நான் போட்ட ஒரு தும்மலில் தலையணை ஒன்று காணாமல் போய்விட்டது.

சிரிக்காதீர்கள். தலையணை என்றால் தீப்பெட்டியில் பாதி. பொம்மை வீட்டுக் கட்டிலுக்காக நான் தைத்தது. நாலு ஓரமும் லேஸ், நடுவில் ஒற்றை இழைப் பட்டு நூலில் ஒரு வயலட் பூ. கோடைக்கானல் ஐப்பசிக் குளிரில் மூக்கு எந்த நேரம் என்ன செய்யும் என்று யாரால் சொல்ல முடியும்?

மேசைக்கு அடியில் தேடினேன். பாயை உதறினேன். இல்லை. எதிரே காளிமுத்து ஆசாரி உட்கார்ந்து, ஒன்றரை அங்குல நாற்காலிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். என் கண் நேராக அவருடைய சட்டைப் பைக்குப் போனது. போனதை அவரும் பார்த்துவிட்டார்.

“ஒங்க சொட்டர்லதான் ஒட்டிக்கிட்டுக் கெடக்குங்கம்மா” என்றார் அமைதியாக.

ஆமாம். தோள்பட்டைக் கம்பளியில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைத்தேன். ஆனால் சந்தேகம் போனதா? அதுதான் இல்லை. ஏனென்றால், அந்தச் சந்தேகத்தை எனக்குள் போட்டு வைத்தவர் வேறு ஒருவர்.

எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில், ஒரு பங்களா. அதில் தனியாக இருப்பவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். கணவர் காலமான பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவர். பெயர் வேண்டாம்... எல்லோருக்கும் அவர் துரைசாணிதான். சீமையில் இருக்கும் தங்கை மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை அறை அனுப்ப ஆசைப்பட்டார். ஏதோ ஒரு அறை போதாது. தம்முடைய படுக்கையறையே வேண்டும் – ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அப்படியே. மரச்சாமான்கள் ஆசாரி பொறுப்பு. திரை, விரிப்பு, கம்பளம், தலையணை எல்லாம் என் பொறுப்பு. இரண்டு பேருக்கும் பட்டறை என் வீட்டுக் கூடம்தான்.

வேலையை ஒப்படைத்த அன்று, கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொன்னார்.

“என் புரூச் காணோம். நீலக்கல் புரூச், கவுன்ல குத்திக்கிறது. துரை குடுத்தது. ஒன்பது மாசம் ஆச்சு. பவளம் எடுத்துட்டா. நான் போலீஸ் கூப்பிடலை, போன்னு சொல்லிட்டேன். இப்போ புது ஆள் உள்ளே வர்றான். நீ பார்த்துக்கோ.”

பவளம் அந்த வீட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். எனக்கும் முகப்பழக்கம் உண்டு. அவளா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, ‘யாரைத்தான் நம்புவது’ என்றும் தோன்றியது. நமக்கு இரண்டாவதாகத் தோன்றுவதுதானே நிலைத்துவிடுகிறது?

ஆசாரி மேல் ஒரு கண் வைத்தேன். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணையும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. பேரிக்காய் மரத்தில்தான் எல்லாம் செய்தார். ரேகை தெரியாத மரம், பொடிச் சாமானுக்குப் பிளக்காது என்பார். குடைக்கம்பியைத் தீட்டி உளியாக்கி வைத்திருந்தார். வச்சிரப் பசையை ஊசி முனையில் தொட்டு மூட்டு சேர்ப்பார். அலமாரிக் கைப்பிடி, குண்டூசியின் தலை. அந்த அலமாரிக் கதவைச் சுண்டுவிரல் நகத்தால் திறந்தபோது எனக்கே மூச்சு நின்றது.

ஆனால் ஒரு சாமான் மட்டும் முன்னேறவே இல்லை. கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் மேசை.

அதை அளக்கப் பங்களாவுக்கு ஒரு தடவை போனார். சரி. நாலு நாள் கழித்து மறுபடி போனார். ஏன் என்று கேட்டால், “கணக்கு ஒதைக்குதுங்கம்மா” என்றார். ஒரு மேசையில் உதைக்க என்ன கணக்கு இருக்கிறது? மூன்றாவது தடவை கிளம்பும்போது, “நீங்க எதுக்குக் குளிர்ல? நா மட்டும் வெள்ளனே போயிட்டு வெரசா வந்துர்றேன்” என்றார்.

விடுவேனா? கூடவே போனேன்.

மேசைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். டிராயருக்குள் அடிக்கோலை விட்டு அளந்தார். அப்புறம் மேசையின் பக்கவாட்டை அளந்தார். பின்பலகையை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். “இந்த டிராயர் இதுக்கு மேல வெளிய வராதுங்களா?” என்று துரைசாணியைக் கேட்டார்.

“வராது. எப்பவும் அப்படித்தான்.”

எழுந்து, மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். துரைசாணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில், பூண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஆசாரி யாருடனோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பவளம்! அவள் கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றை அழுத்திக் கொடுத்தார். அவள் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது – அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். வாங்கிய கேரட்டை வீட்டில் வைக்கக்கூட இல்லை. பையோடு பங்களாவுக்கு ஏறிப்போய், மூச்சு வாங்க அத்தனையும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆசாரியை வரச் சொன்னார் துரைசாணி. படுக்கையறையில் ஒரு ஏட்டையா நின்றிருந்தார். நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றேன். ஆசாரி உள்ளே வந்ததும் ஏட்டையாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

“பவளம் உனக்கு யார்?” என்றார் துரைசாணி.

“கூடப் பொறந்த தங்கச்சிங்க. பேத்துப்பாறையில கட்டிக் குடுத்திருக்கு.”

“ஏன் முன்னாடியே சொல்லலை?”

“சொல்லியிருந்தா வீட்டுக்குள்ள விட்டிருப்பீங்களா?”

சந்தையில் என்ன கொடுத்தாய் என்று ஏட்டையா அதட்டினார். இருமல் மருந்து என்றார் ஆசாரி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“மேசை பதினெட்டு அங்குல ஆழம். டிராயர் பதினாலுதான். பின்பலகை முக்கால் அங்குலம்கூட இல்ல. சின்னதா செய்யக்குள்ளதான் இது பிடிபட்டுச்சு. டிராயருக்குப் பின்னால ஒரு பொந்து இருக்கணும். அடியில தடுப்புக் கட்டை போட்டிருக்கு, அதான் முழுசா வர மாட்டேங்குது. அதைத் திருப்பிவிட்டா வந்துரும்.”

“அப்ப நீயே கழட்டிக் காட்டு” என்றார் ஏட்டையா.

“நா தொட மாட்டேங்கய்யா. தொட்டா, நாந்தான் கொண்டாந்து போட்டேன்னு சொல்லுவாக. நீங்களே கை வைங்க.”

ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் கையை விட்டார். ஏதோ திருகினார். டிராயர் முழுசாகக் கையோடு வந்தது. உள்ளே டார்ச் அடித்தார்.

முதலில் வந்தது ஒரு கொண்டை ஊசி. அப்புறம் பழுப்பேறிய வாழ்த்து அட்டை ஒன்று. ஒரு நூல்கண்டு. அப்புறம்... நீலமாக ஒன்று மின்னியது.

துரைசாணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். புரூச்சைக் கையில் வாங்கவே இல்லை. நிறைந்து வழிந்த டிராயரை ஓங்கிச் சாத்தும்போது, மேலே கிடந்தது பின்பக்கமாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் திருட்டு! பதினோரு வருஷம் அந்த அறையைப் பெருக்கியவளை விசாரிக்கத் தோன்றியது. அந்த மேசையை விசாரிக்க யாருக்குத் தோன்றியது?

எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது.

அன்று மத்தியானமே துரைசாணி பேத்துப்பாறைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பவளம் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஈர மண்ணில் தடுமாறிக்கொண்டே கிட்டத்தில் போய், “என் தப்பு, பவளம். மன்னிச்சுக்கோ. திரும்பி வா” என்றார் துரைசாணி. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பவளம் மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இருமினாள். பிறகு சொன்னாள்: “ஒங்க மேல கோவமில்லைங்கம்மா. ஆனா இனிமே அந்த வீட்டுல ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாலும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். நா வரல.”

வரவும் இல்லை.

ஆசாரி மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பொம்மை மேசையை இரண்டே நாளில் முடித்தார். டிராயரை இழுத்துப் பார்த்தேன். பின்பலகை வரைக்கும் முழு ஆழம். “அளவு மாறிப்போச்சே?” என்றேன்.

“இதுல பொந்து விடலம்மா. அந்தப் பிள்ளை வீட்டுலயும் யாராச்சும் வேலை பாப்பாக இல்ல?” என்றார்.

விரிப்பு வேலை பாக்கி கிடந்தது. கெஞ்சாத குறையாக ஆசாரியிடம் சொல்லி அனுப்பியதில், பவளம் கைவேலைக்கு என் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டாள். வந்த முதல் நாள், நான் தைத்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். “இந்தப் பூவுக்கு அஞ்சு இதழும்மா. நீங்க ஆறு போட்டிருக்கீங்க.” பங்களாவில் அவள் எத்தனை வருஷம் துவைத்த விரிப்பு! பிரித்துத் தைத்தோம். பெட்டி போன வாரம் தபாலில் போய்விட்டது. பவளம் இன்னும் வருகிறாள். வேறு இரண்டு வீட்டிலிருந்தும் பொம்மைச் சாமான் கேட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு சங்கடம்.

சாயங்காலம் கிளம்பும்போது, என் எதிரே வந்து நின்று தன் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுகிறாள். முந்தானையைப் பிரித்துக் காட்டுகிறாள். “பாத்துக்கங்கம்மா” என்கிறாள்.

“ஐயோ, வேண்டாம் பவளம்!” என்று தினமும் சொல்கிறேன். தினமும் காட்டுகிறாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஐந்து மணி ஆனால், எனக்கு அடுப்படியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடுகிறது.