சூம் லென்சோடு வந்த சம்பந்தம்

பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் நன்றாகச் சிரித்தால், பின்னால் என்ன வரப்போகிறது என்று காத்திருப்பேன். "சாமி வந்து வரம் தந்தாலும் நீ அடையாள அட்டை கேப்பாய்" என்று அக்கா சொல்லுவா. அது எனக்கு ஏச்சாகப் படவில்லை. சண்டையில் மாறி மாறி இடம்பெயர்ந்து அக்கராயனுக்கு வந்து சேர்ந்த குடும்பத்தில் ஒருத்தியாவது அப்படி இருக்கத்தான் வேண்டும்.

அக்காவின் கணவர், என் அத்தான், யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் பிற்பாதியில் வன்னிக்கு வந்தபோது அவர் தோளில் தொங்கிய கமராவும், அதில் பூட்டியிருந்த நோர்மல் லென்சும்தான் மிச்சம். சந்தைக்குப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுத் தொழிலைத் தொடங்கினார். பெண்களுக்குப் பவுடர் பூசவும் சேலை மடிப்பைச் சரிபார்க்கவும்தான் நான் போனேன். ஆனால் பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளில் உள்ளறைக்குள் ஆம்பிளை வந்து படம் எடுப்பதை வீட்டுக்காரர் விரும்புவதில்லை. அப்படித்தான் கமரா என் கைக்கு வந்தது.

நோர்மல் லென்சுக்கு ஒரே பார்வைதான். ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாங்கள்தான் கிட்ட நடக்க வேண்டும். குடும்பம் முழுவதும் வர வேண்டுமென்றால் பின்னால் நடந்து போய் வேலியில் முட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் வெளிச்சத்தை அது அள்ளி எடுக்கும். கரண்ட் இல்லை, ஆமி மறிப்பதால் பிளாசுக்குப் பற்றரி வன்னிக்குள் வராது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்திலேயே மணவறையைப் பிடித்துவிடுவோம்.

அதில் இருந்த ஒரே கரைச்சல் நிழல். வெயில் உன் முதுகில் படவேண்டும் என்பது அத்தானின் முதல் பாடம். கிட்டப் போய் நிற்பதால் காலையிலும் பின்னேரத்திலும் எங்கள் நிழல் நீண்டு போய், எதிரே நிற்பவரின் காலடியில் விழுந்துவிடும். கழுவிப் பார்த்தால் மாப்பிள்ளையின் செருப்புக்கு முன்னால் என் தலை கிடக்கும். "நிழல்! நிழல்!" என்று அத்தான் கத்தாத நாளில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தூரத்து உறவில் ஒரு மாமி வவுனியாவிலிருந்து வந்தா. எனக்குச் சம்பந்தம் பேச வந்தவா. ஒரு கையில் கனடா மாப்பிள்ளையின் படம். மறுகையில் பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு சூம் லென்ஸ்.

"வவுனியாவில மாப்பிள்ளையின்ர தாய் தந்து விட்டவா. பாவிச்சுப் பாருங்கோ தம்பி. சம்பந்தம் சரிவந்தா இது உங்களுக்குத்தான்."

அத்தான் அதை வாங்கிக் கமராவில் பொருத்தினார். கச்சிதமாக ஏறியது. அங்கேதான் எனக்கு முதல் முள் குத்தியது. எங்கள் கமரா என்ன மேக் என்று இவர்களுக்கு யார் சொன்னது? என் சாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் கமராவின் சாதகத்தை விசாரித்திருக்கிறார்கள். ஒரு பற்றரியைக்கூட விடாத சோதனைச் சாவடியில் இதை எப்படி விட்டார்கள் என்று மாமியிடம் கேட்டேன். "கடவுள் விட்டவர் பிள்ளை" என்றா.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறாய்" என்று அக்கா சிரித்தா.

"சோழியன் குடுமி சும்மா ஆடாது அக்கா" என்றேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் போக ஆசை இருந்தது. முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கோயிலுக்குப் போனால் எனக்காக மட்டும்தான் தேங்காய் உடைப்பா. "ஒருத்தியாவது இதுக்குள்ளால வெளிய போய்ச் சேர்" என்று சொல்லும்போது அவவின் குரல் உடையும். போனால் திரும்பி வரும் பாதை இல்லை என்பதும் தெரியும். அங்கே போய் இறங்கி, அந்த மனிதன் வேறு மாதிரி இருந்தால் யாரிடம் போய்ச் சொல்லுவது? அந்த ஒரு பயம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

அத்தானுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. சூம் லென்ஸ் வந்த நாளிலிருந்து அவர் புது மாப்பிள்ளை மாதிரித்தான் திரிந்தார். கோயில் திருவிழாவில் தேருக்குத் தூரத்திலே, மர நிழலில் நின்றபடியே முகங்களை இழுத்து எடுத்தார். "பார், நடக்கத் தேவையில்லை, நிழலும் விழாது, ஆக்களுக்குத் தெரியவும் தெரியாது" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஊராருக்கும் பிடிக்கவில்லை. நீட்டுக் குழாயோடு தூர நின்று பார்ப்பவனை அந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? உடையார்கட்டில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, "தம்பி ஆரை வேவு பாக்கிறியள்?" என்று பெண்ணின் தகப்பன் நேரே கேட்டுவிட்டார். மணவறைக்குள்ளோ சூம் லென்ஸ் குருடு. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்த தாலிகட்டு முழுவதும் ஆடிப்போய், ஐயருக்கு இரண்டு மூக்கு வந்திருந்தது. அத்தான் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார். ஆனாலும் லென்சைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

திருவிழாப் படங்களைக் கழுவி உலர்த்தும்போது ஒன்றைக் கவனித்தேன். சூமில் எடுத்த படங்களில் பின்னால் தூர நிற்பவையெல்லாம் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. குளக்கட்டில் நின்ற பனை, ஐயரின் முதுகிலிருந்து முளைத்தது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழும்பிப் போய், அலுமாரிக்குள் வைத்திருந்த மாப்பிள்ளையின் படத்தை எடுத்தேன்.

ஏதோ ஒரு கடைத்தெரு. அவர் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல முகம், அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் பின்னால் தூரத்தே நின்ற கட்டிடமும் காரும் அவர் தோளில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இது தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்து எடுத்த படம். பெண் கேட்டு அனுப்பும் படத்தை ஏன் ஒருவர் அவ்வளவு தூரத்தில் ஒளிந்து நின்று எடுக்கிறார்? இந்த மனிதருக்குத் தன்னைப் படம் எடுப்பதே தெரியாது. அப்படியென்றால் கலியாணம் பேசுவது தெரியுமா?

அக்காவிடம் சொன்னேன். "லென்ஸ் பாத்துச் சாத்திரம் சொல்லுற முதல் ஆள் நீதான்" என்றா.

மாமி மறுபடி வந்தபோது நான் நிபந்தனை போட்டேன். மாப்பிள்ளையின் இன்னொரு படம் வேண்டும். கிட்ட நின்று, சாதாரண லென்சில், வெயிலில், முழு உருவமாக எடுத்திருக்க வேண்டும். அவர் நேரே பார்க்க வேண்டும். எங்களில் பெண்ணிடம்தான் முழு உருவப் படம் கேட்பார்கள். உயரம் தெரிய, பூச்சாடி வைத்த ஸ்ரூலுக்குப் பக்கத்தில் நிறுத்தி எத்தனை பெண்களை நானே எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கேட்கும் வழக்கம் இல்லை.

"என்ன பிள்ளை, பெடியன்ர காலையும் பாக்கோணுமோ? சொத்தி எண்டு நினைக்கிறியோ?"

"ஓம் மாமி, காலையும் பாக்கோணும். காட்டுங்கோ."

மாமி கோபித்துக்கொண்டு போனா. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினா. சூம் லென்ஸ் மட்டும் கொட்டிலுக்குள் எங்களோடு இருந்தது.

மழை தொடங்கி, வயல் விதைத்து, பயிர் பச்சை பிடித்த பிறகு படம் வந்தது. நான் கேட்டபடியே இருந்தது. புல்வெளி, நல்ல வெயில், தலையிலிருந்து கால்வரை. அவர் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த ஆம்பிளையின் முகத்திலும் கண்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் சந்தேகமெல்லாம் ஆற்றில் போய்விட்டது. அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. "இப்ப சரிதானே?" என்று அக்கா கேட்க, நான் தலையாட்டினேன். குசினிக்குள் அடுப்படிக்குப் போய்த் தனியாக ஒருமுறை சிரித்தும் பார்த்தேன்.

பின்னேரம் கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டு, படத்தை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை பழக்கதோஷத்தில் என் கண் காலடிக்குப் போனது.

அவருடைய சப்பாத்துக்கு முன்னால், புல்லில், நிழல் விழுந்திருந்தது. எடுத்தவரின் நிழல். கமராவைப் பிடித்து உயர்ந்த இரண்டு முழங்கைகள், காற்றில் பறக்கும் நீண்ட முடி, முழங்காலளவில் விரிந்த பாவாடை. அந்தப் பாவாடையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நிழல், சின்னது.

படத்தை அத்தானிடம் கொடுத்தேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கமராவை எடுத்தார். சூம் லென்சைக் கழற்றி, மாமி கொண்டுவந்த அதே சேலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பழைய நோர்மல் லென்சைப் பூட்டினார்.

அடுத்த முறை மாமி வந்ததும் துணிப்பொட்டலத்தை அவவின் மடியில் வைத்து, படத்தில் விழுந்திருந்த நிழல்களைக் காட்டினேன்.

"அது ஆரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாயிருக்கும்" என்றா.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாத்து இப்பிடிச் சிரிக்கமாட்டினம் மாமி. உண்மையைச் சொல்லுங்கோ."

மாமி தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னா. மாப்பிள்ளைக்கு அங்கே வெள்ளைக்காரப் பெண்சாதியும் பிள்ளையும் இருக்கிறார்கள். தாய்க்கு அது பொறுக்கவில்லை. முதல் படத்தை ஒரு சொந்தக்காரப் பெடியனைப் பிடித்து ஒளித்து எடுப்பித்திருக்கிறா. இரண்டாவதை, "அம்மாக்கு உன்னைப் பாக்க ஆசையாக் கிடக்கு" என்று சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறா. அந்த மனிதருக்கு என் பேர்கூடத் தெரியாது.

"நீ போய் இறங்கினா எல்லாம் சரிவரும் எண்டு நினைச்சவா பிள்ளை. ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டுதானே சொல்லியிருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் மாமியை எழுப்பி வெளியே விட்டிருப்பேன். அம்மா அழுதுகொண்டிருந்தபடியால் செய்யவில்லை.

மாமி போன பிறகு அந்தப் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அந்தச் சின்ன நிழலின் ஒரு கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. கொட்டிலில், படம் எடுக்க வருகிறவர்கள் எங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நானும் அப்படித்தான் கையைத் தூக்கி ஆட்டுவேன். அவர் சிரித்தது அந்தக் கையைப் பார்த்து.