அம்மா சொல்ல மறுத்த பாவம்

என் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். இருவரும் கூடப்பிறந்த அக்கா தங்கை. மூத்தவள் என் பெரியம்மா. அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. வேறொருத்தி வீட்டுக்குள் வருவதைவிடத் தன் தங்கையே வரட்டும் என்று பெரியம்மாதான் பிறந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு அழைத்து வந்தாளாம். தாலி கட்டும்போது பின்னால் நின்று முடிச்சுப் போட்டதும் அவள்தான். அந்தத் தங்கைதான் என் அம்மா. நானும் என் தம்பியும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள்.

மேலூருக்குக் கிழக்கே, கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல்களை ஒட்டி எங்கள் தெரு இருந்தது. ஊரிலிருந்து தள்ளி, தனியாக இருக்கும். சுற்றியிருந்த வயலெல்லாம் எங்கள் சனம் நட்டு எங்கள் சனம் அறுத்ததுதான். அதில் ஒரு வரப்புகூட எங்களுக்குச் சொந்தமில்லை. மதுரையிலிருந்து ஒரு போதகர் சைக்கிளில் வந்து போக ஆரம்பித்தது நான் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த வயதில். அவரும் தமிழர்தான், கண்ணாடி போட்டவர், படித்தவர். முதல் நாளே எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, பெரியம்மா ஊற்றிக் கொடுத்த கஞ்சியைக் குடித்தார். அதுவரை வெளியாள் எவரும் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அவர் போனபிறகு அப்பா வெகுநேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கிறிஸ்தவரானது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதன்பிறகு நடந்த சடங்கு.

தெரு முழுவதும் அப்பாவின் வாயைப் பார்த்தது. அவர் சேர்ந்தால் எல்லோரும் சேர்வார்கள், அவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள். போதகர் வாரந்தோறும் வந்து பாடம் சொன்னார், ஜெபம் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. நான் மணலில் எழுத்துப் போட்டுப் படித்தேன். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. சபை விதிப்படி ஒருவனுக்கு ஒரு மனைவிதான், அதிலும் முதலில் கட்டியவள் மட்டுமே மனைவி. இதைச் சொல்லும்போது போதகர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் போயிடுறேன் ஐயா. பிள்ளையைப் பெத்தவ இருக்கட்டும்."

"அப்படி முடியாதும்மா. நீங்கதான் அவருக்கு மனைவி."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெண்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள். கடைசியில் ஒரு காலையில் அம்மா தன் சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். அப்பாவிடம் அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என் ஒருத்திக்காக இந்தத் தெருவே நிக்க வேணாம். பிள்ளைக படிக்கட்டும். நான் அந்தக் கடைசிக் குடிசைக்குப் போறேன்."

தெருவின் கோடியில் காலியாகக் கிடந்த குடிசை அது. எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அதன் கூரை தெரியும். பண்ணை வேலைக்குப் போனால் அப்பாவோடு ஒரே வயலில் நிற்க வேண்டியிருக்கும் என்று அம்மா ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் வேலைக்குப் போனாள். தம்பி அப்போது நடக்கப் பழகிய குழந்தை. சில மாதத்தில் அவன் பெரியம்மாவையே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். பெரியம்மா பதறிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு கோடி வீட்டுக்கு ஓடினாள். "இவுகதான்டா அம்மா, சொல்லு, சொல்லு" என்றாள். அவன் பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அம்மா ஜல்லித் தூசி படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள், "விடுக்கா. அப்படியே கூப்பிடட்டும்."

தெரு மொத்தமும் ஞானஸ்நானம் பெற்றது. அம்மாவும் பெறலாம், அதற்குத் தடை இல்லை என்றார் போதகர். அவளும் பாடத்துக்கு வந்தவள்தான். எல்லா ஜெபமும் அவளுக்கு மனப்பாடம். புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் ஒவ்வொருவராக விசாரித்தார். அம்மாவின் முறை வந்தபோது நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இத்தனை காலம் இன்னொருத்தி புருஷனோட வாழ்ந்தது பாவம்னு ஒத்துக்கிட்டு, ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்மா. அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அம்மா என் தலையில் கை வைத்தாள்.

"நான் செஞ்ச பாவம் நிறைய இருக்கு ஐயா. அறுப்புக்குப் போன இடத்துல நெல்லை மடியில கட்டியிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரிய வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். அம்புட்டையும் சொல்றேன். இதை மட்டும் கேக்காதீக. எங்க அக்கா முடிச்சுப் போட்ட தாலி. நான் அதைப் பாவம்னு சொன்னா இந்தப் பிள்ளைக ரெண்டும் என்னன்னு ஆகும்?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் பொறுமையாக விளக்கினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் குரலில் கெஞ்சல்கூட இருந்தது. அம்மா தலையைக் குனிந்தபடி கேட்டாள். முடிவில் "சொல்ல மாட்டேன் ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும், ஞானஸ்நானம் பெறாதவள் என்பதால், அவள் கோயிலுக்கு வெளியே உட்கார்ந்தாள். எங்கள் கோயில் மண்சுவரும் பனையோலைக் கூரையும்தான். சன்னலுக்குக் கீழே, வெளிப்புறம் சுவரில் சாய்ந்து உட்காருவாள். பாட்டு எடுத்தால் அவள் குரல் வெளியிலிருந்து சேர்ந்துகொள்ளும். சனிக்கிழமை வேலை விட்டு வந்து கோயில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். சமைக்கும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாக வைப்பது எங்கள் சபைப் பெண்களுக்கு வழக்கம். அம்மாவும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா அந்த அரிசியைத் தன்னுடையதோடு சேர்த்து உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பாள். அரிசியை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒருநாள் போதகர், கடவுளுக்குப் பயந்து ஏழைகளுக்குக் கொடுத்து வாழ்ந்த ஒரு ரோமப் பட்டாளத்துக்காரனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அவன் யூதனில்லை, வெளியாள். ஆனாலும் கடவுள் அவன் ஜெபத்தைக் கேட்டார், அவனைத் தள்ளவில்லை. எங்களைப் போலத் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதை எவ்வளவு பெரிதென்று அவருக்குத் தெரியும். கோயில் கலைந்து நான் வெளியே வந்ததும் அம்மா என்னைக் கிட்டே இழுத்தாள்.

"தாயி, நீதான் வாசிக்கத் தெரிஞ்சவ. அந்தப் பட்டாளத்துக்காரனுக்கு எத்தனை பெண்டாட்டின்னு போட்டிருக்கான்னு பாரு."

வீட்டுக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த அதிகாரம் முழுக்கத் தேடினேன். போய்ச் சொன்னேன், "அதெல்லாம் போடலம்மா."

"ஆண்டவர் அதைக் கேக்கல போல" என்றாள். சிரித்தாள். அம்மா சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்து வந்த கோடையில் ஊருணி வற்றிச் சேறாகிக் கிடந்தது. வாந்திபேதி வந்தது. முதலில் தெருவின் மேற்குப் பக்கம் இரண்டு பேர் போனார்கள். பிறகு கணக்கில்லை. பயந்தவர்கள் சொந்தக்காரர் ஊர்களுக்கு ஓடினார்கள். பெரியம்மா படுத்தாள். கண் குழிவிழுந்து, கைகால் சில்லிட்டு, ஒரே நாளில் ஆள் உருத்தெரியாமல் போனாள். அப்பாவுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. என்னையும் தம்பியையும் பக்கத்தில் விடாமல் வாசலில் நின்று அழுதார்.

அப்போது அம்மா வந்தாள். பிரிந்து போன நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே போனாள். அக்காவின் துணியை மாற்றினாள், சாம்பல் போட்டுத் தரையை வழித்தாள், கைகாலைத் தேய்த்துச் சூடு ஏற்றினாள், அரிசிக் கஞ்சித் தண்ணீரை உப்புப் போட்டுத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். அவளும் தூங்கவில்லை, யாரையும் உள்ளே வரவிடவும் இல்லை. பெரியம்மா பிழைத்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்று மத்தியானம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள்.

அவளுக்கு எல்லாமே சீக்கிரம் நடந்தது. ஜல்லி உடைத்து ஏற்கெனவே தேய்ந்துபோன உடம்பு. சாயங்காலத்துக்குள் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்துவிட்டது. போதகர் வரமுடியாத இடத்தில் உயிர் போகும் நிலையில் யாராவது கிடந்தால், விசுவாசி எவரும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா எழுந்து நிற்கவும் முடியாமல் தவழ்ந்து அம்மாவிடம் போனாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு செம்பில் இருந்தது.

"தங்கச்சி, நான் ஊத்தட்டுமா? ஊத்திட்டா நீ எங்களோட சேந்துருவடி."

"அந்த வார்த்தையச் சொல்லணுமாக்கா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நான் ஊத்துறேன்."

அம்மா செம்பைப் பார்த்தாள். "குடிக்கக் குடுக்கா. நாக்கு ஒட்டுது."

பேதி வந்தவர்களுக்கு வெறும் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் ஆகாது என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். பெரியம்மா ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு அம்மாவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துச் செம்பை வாயில் பிடித்தாள். அம்மா முழுவதையும் குடித்தாள். வாசலில் நின்று நான் இதைப் பார்த்தேன். மறுபடி தண்ணீர் காய்ச்ச அடுப்பு மூட்டினோம். தண்ணீர் கொதிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். அவளைத் தள்ளிவைத்ததிலிருந்து அவளோடு அவர் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை, கோயிலுக்குக் கொடுத்த வாக்கு அப்படி. அடுப்பில் காய்ந்த தண்ணீரை எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். குதிகால் வெடிப்புகளில் கல்தூசி அப்பிக் கிடந்தது. தன் துண்டை நனைத்து, ஒவ்வொரு வெடிப்பாகத் துடைத்தார். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அவர் விடவில்லை. பெரியம்மாதான் கடைசியில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் போதகர் வந்தார். நோய் நடமாடும் தெருவுக்குள் அந்த நாட்களில் தினமும் வந்தவர் அவர் ஒருவர்தான், இதையும் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"தண்ணி ஊத்தினீங்களாம்மா?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

சுற்றி நின்ற பெண்கள் ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவளுக்கு ஜாடை காட்டினார்கள். போதகரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவை உள்ளே புதைத்துவிடலாம்.

"இல்ல ஐயா. அவ குடிக்கக் கேட்டா. குடிக்கக் குடுத்துட்டேன்."

போதகர் ஆட்களிடம் குழி வெட்ட வேண்டாமென்றார். விதியை மீற அவருக்கு அதிகாரம் இல்லை, அல்லது துணிவு இல்லை. எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலிக்கு வெளியே, கால்வாய்க் கரைப் பக்கம் அப்பாவே குழி வெட்டினார். போதகர் வந்து நின்றார். புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது, அதைத் திறக்கவில்லை. பெரியம்மாதான் தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் ஜெபம் செய்தாள்.

சில வாரம் கழித்துப் போதகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். போதகரைக் கண்டதும் பின்பக்கமாக எழுந்து போய்விட்டார். பெரியம்மா பாயை விரித்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீக. அதனால அன்னைக்கு உண்மையச் சொன்னேன். அவளும் அதைத்தானே செஞ்சா? பாவமில்லாததப் பாவம்னு சொல்ல மாட்டேன்னா. என்னைய ஏத்துக்கிட்ட சாமி அவள ஏத்துக்கிட மாட்டாரா?"

போதகர் பதில் சொல்ல முயன்றார். கடவுளின் இரக்கம் பெரியது என்று தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். பெரியம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார். அதிக காலம் போகாமல் அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள்.

அப்பா பிறகு கோயிலுக்கு வந்தார். ஆனால் உள்ளே வரமாட்டார். சாகும்வரை வெளியே, சன்னலுக்குக் கீழேதான் உட்கார்ந்தார். கூப்பிட்டவர்களிடம் "இங்கயே கேக்குது" என்பார்.

நான் படித்து ஆசிரியையாகி மதுரைக்கு வந்தபோது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். வில்லாபுரத்தில் ஒரு சிறிய வீட்டில் பெரியம்மாவை என்னோடு வைத்துக்கொண்டேன். அரிசிக்கு வரிசையில் நின்று வாங்கிவந்த நாட்களிலும் அவள் ஒரு பிடி எடுத்து வைப்பாள். பிறகு இன்னொரு பிடி எடுப்பாள். இரண்டாவது யாருக்கென்று நான் கேட்டதில்லை. சாயங்கால ஜெபத்தில் எங்கள் எல்லோருக்காகவும் வேண்டி முடித்தபின், ஆமென் சொல்லும் முன், அவள் மெதுவாக ஒன்று கேட்பாள்.

"சாமி, எந்தங்கச்சிய எங்க வச்சிருக்கீக?"

கொஞ்சநேரம் காத்திருப்பாள். பிறகு எழுந்து விளக்கைத் தூண்டிவிட்டுச் சமைக்கப் போவாள்.

பள்ளியில் வேதபாட வகுப்பில், கடவுள் எப்படிப்பட்டவரை ஏற்றுக்கொள்வார் என்று ஒரு பாடம் உண்டு. தம்மிடம் நேர்மையாக நடந்து, பிறருக்கு இரங்குகிறவர்களை என்று சொல்லிக்கொடுப்பேன். அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அம்மாவை அவர் சேர்த்துக்கொண்டிருப்பார், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் ஒன்றும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உள்ளே நிழலில் உட்கார்ந்திருக்க அம்மா வெயிலில் இருந்தாள். அது நடந்துவிட்டது. அதை எந்த இரக்கமும் இனி நடக்காததாக்க முடியாது.