எந்த ராமசாமியின் மகள்?

மாணிக்கம் சார் இறந்த செய்தி, மலாக்கா டவுனில் நான் வேலை செய்யும் பத்திரிகை அலுவலகத்துக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசியில் வந்தது. "ஒனக்குத்தான் அவரத் தெரியுமே, நல்லதா நாலு வார்த்த எழுதும்மா," என்றார் ஆசிரியர்.

அவர் யார் யாருக்கு வாய்ப்புக் கொடுத்தார் என்பதை அவரை அறிந்த மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குக் கொடுத்ததை நான் எழுதுகிறேன்.

ஜாசினில், கடைவீட்டு மாடியிலிருந்து தொலைக்காட்சிக்குத் தமிழ் நாடகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வசனம் எழுத ஆள் தேவை என்றதும், பட்டம் வாங்கிய கையோடு நானும் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தோழி தவமணியும் போனோம். அவள் எழுதியிருந்ததை பஸ்ஸில் படித்துச் சிரித்ததில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டோம்.

சார் என் தாள்களைப் பிரிக்கவில்லை. படிவத்தில் 'கோமதி த/பெ ராமசாமி' என்பதையும் ஊரையும் மட்டும் பார்த்தார்.

"சுங்கை ரம்பாய் பக்கமா? அட, நம்ம கிராணி ராமசாமி மகளா! மொதல்லயே சொல்லக் கூடாதா லா!"

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் ராமசாமிதான். என் அப்பா பால்மரம் வெட்டி வாளியில் பால் எடுக்கும் ராமசாமி. முதலில் எனக்குப் பேச வாய் வரவில்லை. பிறகு மனம் வரவில்லை.

தவமணியிடம், "எடம் நெறைஞ்சிருச்சும்மா," என்றார். அவள் தாள்களையும் பிரிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள், "ஒங்கப்பா எப்படி கிராணி ஆனாரு? காலையிலகூட வாளியோட பாத்தேனே," என்றாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

சார் கெட்டவர் இல்லை. "தெரிஞ்சவங்க புள்ள தப்பா எழுதினா திருத்திக்கலாம்," என்பார். தெரியாதவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு என்பதுதான் அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த ஆண்டுத் தீபாவளி நாடகத்தை முழுக்க நான் எழுதினேன். படப்பிடிப்பு முடிந்த வாரம் கிராணி தன் மகனோடு மாடியேறி வந்தார். "இதோ ஒங்க மக," என்று சார் என்னைக் காட்டினார்.

"என் மகளா? எனக்கு ஒரே பையன்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். சாரும்தான். "பால்மரம் ராமசாமியா? சொல்லியிருந்தா டீ கலக்க வச்சிருப்பேனே!"

தீபாவளியன்று தோட்டத்து மண்டபத்தில் அப்பா வெள்ளை வேட்டியோடு டிவிக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். 'கதை, வசனம்' என்பதற்குக் கீழே கிராணி மகனின் பெயர் வந்தது.

"பேரு வெரசா ஓடிருச்சாம்மா? நான் பாக்கலயே," என்றார் அப்பா.

"ஆமாப்பா," என்றேன்.

போன மாதம் தவமணியின் சிறுகதை ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பிரித்துப் படித்தேன்; இப்போதும் என்னைவிட நன்றாகத்தான் எழுதுகிறாள். ஆசிரியர் தாள்களைப் பிரிக்காமல், உறைமேல் இருந்த பெயரையும் முகவரியையும் பார்த்துவிட்டு, "ஒங்க தோட்டத்து முகவரியா இருக்கே, தெரிஞ்ச புள்ளையா?" என்று கேட்டார். அவள் ஒருநாள் இந்தப் படியேறி வந்து, என் அப்பாவின் வாளியைப் பற்றிப் பேசுவதை நினைத்துப் பார்த்தேன்.

"தெரியாது சார்," என்றேன்.

கதை திரும்பிப் போனது. மாணிக்கம் சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம்தான்.