கணக்குக்கு ஒரு பிள்ளை

நாற்பது. 1943 முதல் அற்புதமணி டீச்சர் இந்த எண்ணோடு படுத்து இந்த எண்ணோடு எழுந்தாள். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் பாதையில், ஓலைக்கூரை போட்ட அந்தச் சின்னப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் இரண்டு டீச்சருக்கு சர்க்கார் கிராண்ட் வரும். ஒரு தலை குறைந்தாலும் ஒருத்திக்குத்தான். முந்தின ஆண்டு வந்த இன்ஸ்பெக்டர் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஜட்கா ஏறினார்.

பள்ளியின் மானேஜர் வன்னியபெருமாள் அண்ணாச்சி, பெரிய கடைத்தெருவில் மளிகை வியாபாரம். அவர் அதையே தன் பாணியில் சொன்னார். "தலை குறஞ்சா சம்பளம் குறையும் டீச்சரம்மா. தலைக்குள்ள என்ன இருக்குன்னு சர்க்கார் கேக்கல."

குறைந்தால் போகிறவள் இரண்டாவது டீச்சர் ஜீவமணி. சாத்தான்குளத்துக்காரி. புருஷன் யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்து வந்த கூட்டத்தில் வழியிலேயே செத்துப்போனான். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு மூட்டினாள்.

அற்புதமணிக்கு அடுப்புக் கவலை கிடையாது. நாசரேத்தில் ஓர் உபதேசியாரின் ஐந்தாவது பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் டிரெயினிங் முடித்து 1931-இல் தூத்துக்குடிக்கு வந்தவள் வேறெங்கும் போகவில்லை. அவளுக்கு இரண்டு விஷயத்தில் பெயர். ஒன்று, குரல். அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். இன்னொன்று, பொய். எந்தக் குற்றத்துக்கும் திட்டோடு விட்டுவிடுவாள். பொய் சொன்ன பிள்ளைக்கு மட்டும் பிரம்பு.

சண்முகவடிவு அந்தப் பள்ளிக்கு வந்தது நாற்பத்து மூன்று ஜூனில். ஆறு வயது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தவள் தாய் இசக்கித்தாய். உப்பளத்தில் சுமை தூக்குகிறவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து வெளுத்திருந்தது.

"இவ பேச மாட்டா டீச்சரம்மா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. நாலு பிள்ளையளோட இருந்தா வாய் தொறந்துரும்னு சொல்லுதாவ."

அற்புதமணி பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினாள். வடிவு சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி ஓடியது. பிள்ளை அசையவில்லை.

அந்தக் கணமே விஷயம் புரிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே மிஷன் பள்ளி இருப்பது நாசரேத்துக்காரர் யாருக்கும் புதிதல்ல. அற்புதமணியின் சித்தி மகள் ஒருத்தி அங்கே சில காலம் வேலை பார்த்தவள். அங்கே கொண்டுபோய்ச் சேர் என்று சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்குப் பள்ளியில் பிள்ளைகள் முப்பத்தொன்பது.

"சேத்துக்கிடுவோம்" என்றாள்.

அடுத்த மாதம் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டு பிள்ளைகள் புதிதாக வந்து சேரட்டும், உடனே சொல்லிவிடலாம். இரண்டு பேர் வந்தார்கள். மூன்று பேர் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். இப்படியே போனது.

முதலில் கொஞ்சம் முயற்சி செய்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. மாம்பழம், படகு, பூனை என்று படம் வரைந்து காட்டினாள். ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் என்றால் குரல். டீச்சர் சொல்ல, வகுப்பு திருப்பிச் சொல்லும். ஒரு பிள்ளைக்காகக் குரலை நிறுத்தினால் மற்றவர்கள் கூரையைப் பிய்த்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் படங்கள் நின்றன. வடிவு கடைசி வரிசையில் உட்கார்ந்து போர்டில் இருப்பதையெல்லாம் சிலேட்டில் எழுதினாள். முத்து முத்தான எழுத்து. 'அம்மா' என்று எழுதுவாள். அது யார் என்று அவளுக்குத் தெரியாது.

பிள்ளைகள் விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சின்னதையும் ஏலாததையும் அழ விடாமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், தொடலாம், பிடிபட்டால் கணக்கில்லை. அதற்குப் பெயர் உப்புக்குச் சப்பாணி.

"நம்ம பள்ளிக்கொடத்துக்கும் ஒரு உப்புக்குச் சப்பாணி இருக்கா, அக்கா. உப்பளத்துப் பிள்ளைக்குப் பொருத்தமான பட்டந்தான்" என்றாள் ஜீவமணி ஒருநாள்.

அற்புதமணி சிரித்தாள். ஜீவமணியும் சிரித்தாள். இருவருமே வடிவு இருந்த பக்கம் பார்க்கவில்லை.

நாற்பத்தாறு பிப்ரவரியில் புது இன்ஸ்பெக்டர் வந்தார். இவர் தானே பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணுகிறவர் என்று முன்கூட்டியே தகவல் வந்துவிட்டது. அற்புதமணி ஒரு வாரம் வடிவுக்குப் பாடம் எடுத்தாள். மூன்று ஆண்டில் அவளுக்கென்று எடுத்த முழுப்பாடம் அது ஒன்றுதான். பக்கத்தில் உட்காரும் செண்பகம் காலை மிதிப்பாள். மிதித்தால் எழுந்து நிற்க வேண்டும், வலது கையைத் தூக்க வேண்டும், வாயை ஒருதரம் திறந்து மூட வேண்டும். 'ஆஜர்' என்று செண்பகமே சொல்லிக்கொள்வாள். வடிவு இரண்டாவது நாளே பழகிக்கொண்டாள். அவ்வளவு சூட்டிகையான பிள்ளை.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "சண்முகவடிவு." பிள்ளை எழுந்தது, கையைத் தூக்கியது, வாயைத் திறந்தது. அவர் அடுத்த பெயருக்குப் போனார். நாற்பது.

புதுப் பாவாடை கட்டி அனுப்பிய மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, வேலைக்குப் போகும் வழியில் இசக்கித்தாய் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தது யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் வந்தாள். தலையிலிருந்த சும்மாட்டைக்கூட எடுக்கவில்லை.

"காது தொறந்துட்டு டீச்சரம்மா. தொரை பேரச் சொன்ன ஒடனே எந்திச்சாளே. நான் கண்ணால பாத்தேன். வாயத் தொறந்து பதிலும் சொன்னா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அளத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஒங்க சத்தம் அளம் வரைக்கும் கேக்கும், எம்பிள்ள காதுல மட்டும் ஏறாமலா போயிரும்னு சொல்லி எல்லாரும் சந்தோசப்படுதாவ."

பின்னால் நின்ற ஜீவமணி அற்புதமணியின் முந்தானையை மெல்லப் பிடித்து இழுத்தாள்.

"நல்லது" என்றாள் அற்புதமணி. அந்தச் சொல் வெளியே போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று விளங்கியது.

வியாழக்கிழமை இசக்கித்தாய் மறுபடி வந்தாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். வெள்ளித் தகட்டில் ஒரு ஜோடிக் காது. ஆசாரியிடம் சொல்லிச் செய்தது.

"திருச்செந்தூர் முருகனுக்கு நேந்திருந்தேன். வெள்ளிக்கிழம போறேன். நீங்க வேதக்காரவிய, கோயிலுக்கு வர மாட்டிய. கையால தொட்டாச்சும் குடுங்க. தொறந்துவிட்டது நீங்கதான்."

அற்புதமணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். இசக்கித்தாயின் காதுத் துளைகளில் கம்மல் இல்லை. தூர்ந்துவிடாமல் இருக்க துளைக்கொரு ஈர்க்குச்சி செருகியிருந்தது. தகடு எப்படி வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

தொட்டுக் கொடுத்தாள். அன்று பைபிளைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, நற்கருணைப் பந்தி வைக்கும் முன்பே எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வடிவு வந்தபோது கெண்டைக்காலில் ஐந்தாறு தடிப்பு. பனைநாரால் அடித்தது. தோல் கிழிந்திருந்தது.

அடுத்த வீட்டுப் பிள்ளை செண்பகம்தான் சொன்னாள். "அவ அம்ம அடிச்சா டீச்சர். தொர கூப்பிட்டா எந்திக்கத் தெரியுது, பெத்தவ கூப்பிட்டா திமிரான்னு கேட்டுக் கேட்டு அடிச்சா. இவ என்னன்னே தெரியாம..." செண்பகம் நிறுத்தினாள். "இவ எந்திச்சு எந்திச்சுக் கையத் தூக்குனா டீச்சர். அதுக்கும் அடி."

அற்புதமணி சாக்பீஸைக் கீழே வைத்தாள். "ஜீவமணி, வகுப்பப் பாத்துக்கோ."

"அக்கா" என்றாள் ஜீவமணி. அவள் கண்ணில் இருந்த பயத்தை அற்புதமணி பார்த்தாள். பார்த்துக்கொண்டே வெளியே நடந்தாள்.

உப்பளத்தில் பதினோரு மணி வெயில். கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. பெண்கள் வரிசையாகக் கடகப்பெட்டியில் உப்பைச் சுமந்து குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் குடை இல்லாமல் வரப்பில் வருவதைப் பார்த்து ஒருத்தி, "ஏளா இசக்கி, இன்ஸ்பெட்டரு ஒனக்கும் பரிச்ச வைக்க ஆள் அனுப்பியிருக்காரு" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இசக்கித்தாய் பெட்டியை இறக்கினாள். முகம் சுண்டியிருந்தது. "அடிச்சது கொஞ்சம் கூடிப்போச்சு டீச்சரம்மா. அதுக்கா வந்திய? வீட்டுக்கு வந்தா செவிட்டு வேசம் போடுதா."

"வேசம் இல்ல. அவளுக்குக் காது கேக்காது."

"கேக்கும். நான் பாத்தேன்லா."

"பக்கத்துப் பிள்ள காலை மிதிச்சா. மிதிச்சா எந்திரின்னு நான்தான் பழக்குனேன்."

அவள் குரலைத் தணித்துத்தான் சொன்னாள். ஆனால் அது தணிந்து பழகாத குரல். வரிசை நின்றுவிட்டது. வரப்பில் நின்ற கணக்கப்பிள்ளைகூட அதட்ட மறந்துபோனார்.

இசக்கித்தாய்க்கு உடனே புரியவில்லை. உப்பு அப்பிய கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"எதுக்கு?"

"நாப்பது பேரு இருக்கணும். இல்லன்னா ஒரு டீச்சருக்கு வேல போயிரும்."

"கேக்காத பிள்ளையவா அடிச்சேன்?"

அற்புதமணி தலை குனிந்தாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு அப்போதும் வந்தது. அதுதான் அவளைக் கூசவைத்தது. சொன்னாள். பாளையங்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. கையாலும் உதட்டாலும் கற்றுக்கொடுப்பார்கள், எழுதப் படிக்க வரும், தங்கிப் படிக்கலாம்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ இவளக் கொண்டாந்த அன்னைக்கே தெரியும்."

இசக்கித்தாய் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அற்புதமணிக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். பின்னால் நின்ற செல்லத்தாய் என்பவள்தான் மெல்லச் சொன்னாள். "மூணு வருசமா ஒம்பிள்ளய உப்புக்குச் சப்பாணியா வச்சிருந்திருக்காவ, இசக்கி."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தான் அதற்குச் சிரித்தது அற்புதமணிக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

"நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "அங்கன எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காவ. சேத்துவிட்டுட்டு..."

"நீங்க வர வேண்டாம். யாரப் பாக்கணும்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க." இசக்கித்தாய் பெட்டியைத் தலைக்கு ஏற்றினாள். "வாசிச்சுக் காட்ட வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

பதினைந்து வருஷமாக அந்த வட்டாரத்தில் வந்த கடிதம், தந்தி, கோர்ட்டு நோட்டீஸ் எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னவள் அற்புதமணி. வரப்பில் திரும்பி நடந்தாள். பின்னால் உப்பு கொட்டும் ஓசை மறுபடி தொடங்கியது.

கடிதத்தை எழுதிச் செண்பகத்திடம் கொடுத்தனுப்பினாள். இசக்கித்தாய் அதைத் தபாலாபீஸ் குமாஸ்தாவிடம் ஒருதரம், ஒரு சவுளிக்கடைப் பையனிடம் ஒருதரம் என்று இரண்டு பேரிடம் வாசிக்கக் கேட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக் காதுகள் திருச்செந்தூர் உண்டியலில் விழுந்துவிட்டதால் அடகு வைத்த கம்மலை மீட்க வழியில்லை. வழிச்செலவுக்கு அளத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

மானேஜர் அண்ணாச்சிக்குக் கோபம். "நீங்களாப் போயா சொன்னிய? அவளே மறந்திருப்பாளே" என்றார். ஜீவமணி கோபப்படவில்லை. அன்றிலிருந்து அக்கா என்று கூப்பிடுவதை விட்டு, டீச்சர் என்றாள்.

ஜூன் இரண்டாவது வாரம் வடிவு பாளையங்கோட்டைப் பள்ளியில் சேர்ந்தாள். அதே வாரம் அளத்துக் குடும்பங்கள் மூன்று தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. ஆகஸ்டில் இரண்டாவது கிராண்ட் ரத்தாயிற்று. ஜீவமணி பிள்ளைகளோடு சாத்தான்குளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அற்புதமணி எல்லா வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் தனியாகப் பாடம் நடத்தினாள்.