வீட்டை இழுத்துக்கொண்டு போய் ஆர்ச்சில் விட்டேன்

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு எங்கள் வீட்டைக் காணவில்லை.

வீடு என்னவோ முடிச்சூரில், கட்டிய இடத்திலேயேதான் இருந்தது. வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சோஃபாவில் என் கணவர் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனால் எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக வந்த டாக்ஸிக்காரரின் ஃபோனில் வீடு வேறு எங்கேயோ இருந்தது. அதை அங்கே இழுத்துக்கொண்டு போய் வைத்தவள் நான்.

இந்த வாரத்துக்கு வேறு ஒன்று எழுதி வைத்திருந்தேன். சிரிக்கும்படியான விஷயம்தான். திரும்பப் படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். குக்கர் விசில் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. கனமழை என்று டிவியில் சொன்னால் போதும் — தெருவே எதையாவது மேடான இடத்துக்கு இழுக்க ஆரம்பிக்கும். கட்டில், ஃப்ரிட்ஜ், அரிசி டிரம்... தரைத்தள வீடுகளிலிருந்து டர்ர்ர் என்று கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.

என் கணவருக்கும் அந்தச் சத்தம் ஆகாது. காரணம் வேறு. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஷாப் ஃப்ளோரில் அவருடைய சட்டம் ஒன்றுதான்: டிராலியைத் தள்ளலாம், இழுக்கக் கூடாது. "இழுக்கிறவன் பின்பக்கமா நடப்பான். பின்னாடி என்ன இருக்குன்னு பாக்க மாட்டான். மாட்டிக்குவான்" என்பார். ரிட்டயர் ஆன மறுநாளே இந்தச் சட்டம் எங்கள் வீட்டில் அமலுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலியைக்கூட இழுக்க விடமாட்டார். தூக்கி வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு மட்டும் அவர் சட்டம் போடவில்லை. அங்கே நான் இஷ்டத்துக்கு இழுப்பேன்.

ஒருமுறை என் பத்திகள் அத்தனையும் இருந்த ஃபோல்டரை லேப்டாப்பில் எதற்கோ பிடித்து இழுத்தேன். தும்மல் வந்தது. விரல் விட்டுவிட்டது. ஃபோல்டரைக் காணோம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் 'கரண்ட் பில்' என்று இவர் வைத்திருந்த ஃபோல்டருக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு ஃபைலை அழிக்கப் போனால் கம்ப்யூட்டர் மடக்கும். "நிச்சயமா? நிஜமாகவே அழிக்கவா?" என்று கேட்கும். இழுத்து வேறு இடத்தில் போட்டால்? ஒரு வார்த்தை கேட்காது. காணாமல் போவதற்கு அழிந்துதான் போக வேண்டுமா என்ன? இடம் மாறினாலே போதுமே.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நகர், வயலாக இருந்து மனையாகி, மனையெல்லாம் வீடானது. ஃபோனுக்கு இது இன்னும் முழுதாகத் தெரியாது. எங்கள் விலாசத்தைக் கொடுத்தால் பின்பக்கத்து ஏரியைக் காட்டும். சாமான் கொண்டுவருபவர்கள் கரையில் நின்று ஃபோன் செய்வார்கள். "மேடம், நீங்க போட்ட எடத்துல தண்ணி தான் கீது." அதனால் இங்கே குடிவரும் எவருக்கும் முதல் வேலை, ஃபோனில் அந்தச் சிவப்புப் புள்ளியை விரலால் பிடித்து இழுத்து, சரியாகத் தன் வீட்டுக் கூரைமேல் கொண்டுவந்து விடுவது. பால் காய்ச்சுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நாங்களும் விட்டோம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு மழைநீர் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டினார்கள். சைக்கிள்கூட உள்ளே வர வழியில்லை. நான் என்ன செய்தேன்? புள்ளியைப் பிடித்தேன், தெருக்களையெல்லாம் தாண்டி இழுத்தேன், மெயின் ரோட்டில் எங்கள் நகர் பெயர் எழுதிய சிமென்ட் ஆர்ச் இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் விட்டேன். 'வீடு' இப்போது ஆர்ச்சில். காய்கறி அங்கே வரும், நான் நடந்துபோய் வாங்கி வருவேன். 'உறுதி செய்' என்று ஒரு பட்டன் வந்தது, உறுதி செய்தேன். எத்தனை நாளைக்கு என்று அது கேட்கவில்லை.

வடிகால் வேலை முடிந்து மூடியும் போட்டுவிட்டார்கள். புள்ளி மட்டும் ஆர்ச்சிலேயே நின்றது. நாலு நிமிட நடைதானே, டாக்டரும் நடக்கச் சொல்லியிருக்கிறாரே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காய்கறி, டாக்ஸி எல்லாவற்றுக்கும் இருக்கும் அந்த ஆப்பில் நானும் கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் ஜெனியும் ஒரே கணக்கு. 'அம்மா வீடு' என்று அவள் ஃபோனில் இருப்பதும் அதே புள்ளிதான். நகர்த்திய விஷயத்தை அவளிடம் நான் சொல்லவே இல்லை.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ரேவதி. எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். கணவர் ஒரகடத்தில் வேலைக்குப் போய்விடுவார், இவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று வைத்திருக்கிறாள். மாடியில் ஜன்னலோரம்தான் சிக்னல் வரும். மீட்டிங் என்றால் மேஜையிலிருந்து ஜன்னலுக்கு உருள்வாள், முடிந்தால் திரும்ப மேஜைக்கு. எங்கள் தலைக்கு மேல் கடகடகடவென்று நாள் முழுக்க ரயில் ஓடும்.

நான் சும்மா இருப்பேனா? போன மாதம் மாடியேறிப் போய்க் கேட்டுவிட்டேன். "ஏம்மா, காலைக் கொடுத்திருக்காரே கடவுள், நாலடி நடந்து போகக் கூடாதா? அதையும் உட்கார்ந்துக்கிட்டேதான் போகணுமா?" என்று. அவள் முகம் சுண்டிப்போனது. "சாரி ஆன்ட்டி" என்றாள். அதற்கப்புறம் படியில் பார்த்தால் ஒரு சிரிப்போடு சரி.

இப்போது செவ்வாய்க்கிழமை.

சாப்பிட்டுவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "வாயு மாதிரி அடைக்குது ஸ்டெல்லா" என்றார். சீரகத் தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் ஆள் வெளுத்துப்போயிருக்கிறார். இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். டம்ளரை வாங்கக் கை நீளவில்லை.

பயம் வந்தால் நான் முதலில் கூப்பிடுவது ஜெனியைத்தான். அவள் இருப்பது கோயம்புத்தூரில் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வருகிறது? ஆனால் பெண் நிதானமானவள்.

"அம்மா, நீ அப்பாவை விட்டு நகராதே. நான் ஆம்புலன்ஸ் கேக்கறேன்" என்று வைத்தாள். ஒரு நிமிடத்தில் திரும்ப லைனுக்கு வந்தாள். "ஆம்புலன்ஸ் வர லேட்டாகும் போல. டாக்ஸி மூணு நிமிஷத்துல இருக்கு, போட்டுட்டேன். லைன்லயே இரு."

இருந்தேன்.

"வண்டி வந்துடுச்சும்மா. வாசல்ல நிக்குதுன்னு காட்டுது. போய்ப் பாரு."

ஓடினேன். வாசலில் நாய்கூட இல்லை.

"யாருமில்லை ஜெனி."

"நல்லா பாரும்மா. வந்துட்டாருன்னு காட்டுதே."

மறுபடியும் பார்த்தேன். இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் வெயில். தெருக்கோடியில் கட்டுகிற வீட்டுக்கு எம்-சாண்ட் மணல் கொட்டும் லாரி ஒன்று தெருவை அடைத்து நின்றது. அவ்வளவுதான். வண்டி வந்துவிட்டது, ஆனால் வண்டி இல்லை. உள்ளே இவர் மூச்சு வாங்குவது வாசல் வரைக்கும் கேட்கிறது. இவ்வளவு நாள் நான் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

எத்தனை நிமிடம் அப்படிப் போனதோ, சொல்லத் தெரியவில்லை. நானும் அவளும் "வந்துட்டாரு", "இல்லை" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். டாக்ஸிக்காரர் ஜெனியின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார், லைனில் நான் இருந்ததால் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் என்னை ஹோல்டில் போட்டுவிட்டு அவரிடம் பேசினாள்.

"அம்மா... அவர் ஏதோ ஆர்ச் கிட்ட நிக்கிறாராம். அங்க வீடே இல்லைங்கறாரு. எந்த ஆர்ச்?"

"நான்தான் ஜெனி" என்றேன். "நான்தான் அங்கே வச்சேன்." அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

உள்ளே வரச் சொன்னோம். லாரி வரை வந்து, இறங்கி நின்று அவர் கத்தியதை நானே கேட்டேன். "லாரி நிக்கிதும்மா, வண்டி உள்ள வராது. சுத்திகினு வந்தா லேட்டாவும். நீங்க இட்டுகினு வாங்க."

எப்படி இட்டுக்கொண்டு போவது? நடந்தால் இவர் தாங்குவாரா? நான் அண்ணாந்து, "ரேவதி" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

காதில் மாட்டிய ஹெட்செட்டோடு இறங்கி வந்தாள். இவரைப் பார்த்தாள். உடனே திரும்ப மேலே ஓடினாள். அடுத்து நான் கேட்டது அந்தச் சத்தம்தான் — கடகடகடவென்று மாடி முழுக்க, அப்புறம் படிக்குப் படி டம், டம் என்று. நாற்காலியைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் இடித்துக்கொண்டே கொண்டுவந்து நிறுத்தினாள்.

இரண்டு பேரும் சேர்ந்து இவரை அதில் உட்கார வைத்தோம். வாசலைத் தாண்டித் தள்ளினோம். அந்தச் சின்னச் சக்கரம் தார் ரோட்டுப் பள்ளத்தில் மாட்டி, இவர் முன்பக்கமாகக் கவிழப் பார்த்தார். "ஆன்ட்டி, திருப்பிடலாம், இழுத்துக்கிட்டுப் போலாம்" என்றாள் ரேவதி. திருப்பினோம். பின்பக்கமாக நடந்தபடியே இழுத்தோம்.

"இழுக்காத... ஸ்டெல்லா" என்றார் இவர். அந்த நிலையிலும். "பின்னாடி பாரு."

"பாக்கறேங்க. நீங்க பேசாதீங்க."

நான் பின்னால் பார்க்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தபடி, பக்கத்திலிருந்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திருப்பி உட்கார வைத்ததால் அவர் முகம் வீட்டுப் பக்கம் இருந்தது. வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணே சிமிட்டவில்லை. கர்த்தாவே, கடைசியாகப் பார்க்கிறாரோ என்று எனக்கு உள்ளே பதறியது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"கேட்டைச் சாத்தலையே" என்றார்.

லாரிக்குப் பக்கத்தில் மணல் குவியல். டாக்ஸிக்காரரும் மணல் இறக்கிக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்து நாற்காலியோடு தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "ஒண்ணும் ஆவாதும்மா, ஏறிக்க" என்று டாக்ஸிக்காரர் சொன்னதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். தாம்பரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தக்குழாயில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

விடிந்ததும் வந்து சேர்ந்த ஜெனி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான்தான்மா லொகேஷனைப் பாக்காம போட்டுட்டேன்" என்றாள். அப்போதுதான் முழுசாகச் சொன்னேன் — வடிகால், ஆர்ச், என் சோம்பேறித்தனம் எல்லாம். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி காரிடாரில் உட்கார்ந்து புள்ளியைப் பிடித்து வீட்டுக்கு இழுக்கப் பார்த்தேன். விரல் தவறி ஏரியில் விட்டேன், பிறகு வடிகாலில் விட்டேன். மூன்றாவது தடவை அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

இவரிடம் டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்குச் சொன்னேன். "எத்தனை வருஷமா சொல்றேன்... இழுத்தா பின்னாடி பாக்கணும்னு" என்றார்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இதைப் படித்து முடித்ததும் ஃபோனை எடுங்கள். அதில் 'வீடு' எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், எங்கள் தெருவில் நான் சொன்ன பிறகு பார்த்த மூன்று வீடுகள் ஆர்ச்சில்தான் இருந்தன.

இதை எழுதும்போது மணி மூன்று. இவர் உள்ளே தூங்குகிறார். மாடியில் சத்தமே இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். பத்து நிமிடம் பொறுத்தேன். என்னவோ போல் இருந்தது. எழுந்து போய் மாடிக் கதவைத் தட்டினேன்.

ரேவதி திறந்தாள். "என்ன ஆன்ட்டி? அங்கிள் தூங்குவாரேன்னு நான் நடந்துதான் போறேன்" என்றாள்.

"நடக்க வேணாம்மா. உருட்டு" என்றேன். "கீழே எனக்குக் கேக்கணும்."