மிச்சம் மூன்று கஜம்

சுந்தரவல்லி தெருவில் போனால் பார்க்கிறவர்கள் இரண்டாம் தடவையும் திரும்பிப் பார்ப்பார்கள். அழகி என்று சொல்லிவிட முடியாது. பல் கொஞ்சம் எடுப்பு, உயரமும் மட்டு. ஆளை நிறுத்துவது அவள் உடுத்துகிற விதம்தான். எழுபதுகளில் மாம்பலத்துப் பெண்களெல்லாம் நைலக்ஸைக் கட்டிக்கொண்டு ஒரே அச்சில் வார்த்தது போலத் திரிந்தார்கள். இவள் மட்டும் அகலக் கரை போட்ட பழைய கொறநாடு, அந்தப் புடவையிலேயே எடுத்த துணியில் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை, தோள்பட்டையில் சிவப்புக் கல் ப்ரூச் என்று தனியாகத் தெரிவாள்.

"இதெல்லாம் எங்கே வாங்கறே?" என்று கேட்காத பெண் கிடையாது. வாங்குகிற இடத்தைச் சொன்னால் கேட்டவர்கள் இரண்டடி தள்ளி நின்றிருப்பார்கள்.

பாத்திரக்காரி தாயம்மா மயிலாப்பூரிலும் தி. நகரிலும் வீடு வீடாகப் போய்ப் பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவள். மேற்கு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் அவள் மூட்டையை இறக்கினால், பழந்துணி வியாபாரி வருவதற்குள் சுந்தரவல்லி போய்ப் பொறுக்கிவிடுவாள். பெரிய வீட்டு மாமிகளின் ஒன்பது கஜம் கிடைத்தால் அவளுக்குக் கொண்டாட்டம்தான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சீயக்காய் போட்டு அலசி, நிழலில் காயப்போட்டு, தேய்ந்த இடம் போக ஆறு கஜத்தை வெட்டி ஓரம் அடிப்பாள். மிச்சம் மூன்று கஜத்தில் நைந்தது போக நல்ல பாகத்தில் ரவிக்கை. கடைசியில் வண்ணார் நாகராஜிடம் போட்டுக் கஞ்சி ஏற்றி வாங்கினால், புடவையின் வயதை யாராலும் சொல்ல முடியாது.

ப்ரூச் மட்டும் தாயம்மா மூட்டையில் வந்ததல்ல. அது சுந்தரவல்லியின் அம்மா காதில் கிடந்த கெம்புத் தோடு. ஒற்றைத் தோடு. ஜோடி போனது எப்படி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாட வீதி ஆசாரி ஒருவரிடம் கொடுத்துப் பின்னால் ஊசி பற்றவைத்துக்கொண்டாள். "அம்மாவோடதா?" என்று முதல் முதலாக ஒருத்தி கேட்டபோது ஆமாம் என்றாள். "புடவையும் அம்மாவோடதா?" என்று அதே மூச்சில் அவள் கேட்டபோது, அதற்கும் தலை ஆடிவிட்டது. அன்று ஆடிய தலையை அப்புறம் நிறுத்த முடியவில்லை. வருகிற புடவை எல்லாம் அம்மா புடவை ஆயிற்று. உண்மையில் அந்தப் புண்ணியவதிக்கு இருந்ததே இரண்டு புடவைதான். அதில் ஒன்று அவளோடு போய்விட்டது.

அப்பா கணேசமூர்த்தி தி. நகரில் ஜவுளிக் கடையில் விற்பனைக்கு நிற்பவர். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், மானம் பெரிது. நாள் முழுக்க ஊருக்கே புதுப் புடவை விரித்துக் காட்டுகிறவர் மகள், யார் யாரோ கட்டிக் கழித்ததைக் கட்டுகிறாள் என்று தெரிந்தால் கடைக்குப் போகவே மாட்டார். அதனால் சுந்தரவல்லிக்கு எப்போதும் ஒரு திகில். பஸ்ஸில் வயதான மாமி யாராவது தன் முந்தானையை உற்றுப் பார்த்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவாள். இவ்வளவு பயந்தவள் சும்மா நைலக்ஸ் கட்டித் தொலைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவளுக்கு அது முடியவில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று ப்ரூச்சைக் குத்திக்கொள்ளும் அந்த ஒரு நிமிஷம்தான், தான் யாருக்கும் இளைத்தவள் இல்லை என்று அவள் நினைக்கிற நிமிஷம்.

தி. நகரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவளுக்கு வேலை. வீட்டின் முன்கூடத்தில் மெஷின்கள், பின்கட்டில் குடித்தனம். முதலாளியின் அம்மா கோமளம் மாமிக்கு அதிகாரம் இரண்டு இடத்திலும் உண்டு. மருமகள் பத்மாசனிக்கு இரண்டிலும் கிடையாது.

எழுபத்து நாலில், நவராத்திரிக்கு முந்தின வாரம் அது. பிள்ளைகளுக்குக் கடிதம் அடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் மாமியின் குரல் கூரையைப் பிய்த்தது. "சுந்தரவல்லி, இங்கே வா! புடவை விஷயம் உனக்குத்தான் தெரியும், நீயே பார்த்துச் சொல்லு!"

போனாள். மாமியின் கையில் மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட கொறநாடு தொங்கிக்கொண்டிருந்தது. சுந்தரவல்லிக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அது அவளுடைய புடவை. ஆறு நாள் முன்னால்தான் கஞ்சிக்குப் போட்டிருந்தாள்.

எதிரில் நாகராஜ் கை கட்டி நின்றான். "குறியைப் பாரும்மா. ரெண்டு புள்ளி, ஒரு கோடு. எங்க நைனா காலத்திலேர்ந்து உங்க வூட்டுக் குறி. உங்க உருப்படின்னுதாம்மா எடுத்தாந்தேன்."

வண்ணாருக்கு எழுத்து வேண்டாம், குறி போதும். துணி மூலையில் சேங்கொட்டைச் சாற்றில் வீட்டுக்கு ஒரு குறி. குறி இருக்கிற துணிக்கு மறுபடி போட மாட்டார்கள். அது எந்த வீட்டைக் காட்டுகிறதோ அங்கே போய்ச் சேரும். இது தெரிந்துதான் சுந்தரவல்லி ஒவ்வொரு பழம்புடவையிலும் குறி இருக்கிற மூலையைத் தேடி வெட்டிவிடுவாள். இந்தப் புடவையில் அரக்குக் கரையின் அடர்ந்த நிறத்துக்குள் அது மறைந்து கிடந்திருக்கிறது. கண்ணில் படவில்லை. புடவை சமர்த்தாகத் தாய்வீடு திரும்பிவிட்டது.

"எங்காத்துப் புடவைதான். யார் இல்லேன்னா?" என்றாள் மாமி. "பொட்டியில இருக்கறதா நெனச்சுண்டிருந்தேன். என்னைக்கோ வெளுக்கப் போட்டது திரும்பவே வரலை போலிருக்கு. ஊர்ல கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்கு விட்டுட்டு, ஒன்பது கஜத்தை ஆறா வெட்டி உன் பொண்டாட்டிக்குக் கட்டி அழகு பார்த்துட்டு, இப்ப அசந்து மறந்து எங்கிட்டேயே கொண்டுவந்து நீட்டறியோ?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா!"

"சுந்தரவல்லி, நீ சொல்லு. இது வெட்டினதுதானே?"

ஓரத்தை அவள் கையில் திணித்தாள் மாமி. பொடித் தையல், அவளே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போட்டது. புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'இது என்னுடையது' என்று இரண்டே வார்த்தை. சொன்னால், உனக்கு எப்படி வந்தது என்பார்கள். திருடி என்பார்கள். அல்லது, தாயம்மா மூட்டையில் பொறுக்கினவள் என்பார்கள். அம்மா புடவை என்று இத்தனை நாள் கதை விட்டாயே என்பார்கள். இதில் எது பெரிய அவமானம் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஆமாம் மாமி. யாரோ வெட்டியிருக்காங்க" என்றாள்.

நாகராஜ் அவளை ஒரு தடவை பார்த்தான். அதில் சந்தேகம் எதுவும் இல்லை, இவளாவது தனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்திருந்தான், அவ்வளவுதான். அதுவே அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவளுடைய மூட்டையைக் கொடுக்க மாம்பலத்துக்கு வந்தான். "உங்க தெருவுல என் சம்சாரம்தாம்மா துணி எடுத்தா. அந்தப் பொடவை எந்த வூட்டுதுன்னு அவளுக்கு நெனப்பில்ல. உங்க உருப்படி ஏதாச்சும் கொறையுதா?"

"இல்லையே. எல்லாம் சரியா இருக்கு."

"செரிம்மா. ஒவ்வொரு வூடா கேட்டுக்கினு போறேன்."

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். அன்று முதல் சைக்கிள் மணி கேட்டால் நாகராஜோ என்று பயம். மாமி கூப்பிட்டால் பயம். தாயம்மா தெருக்கோடியில் தெரிந்தால், எல்லார் முன்னாலும் பேச்சுக் கொடுத்துவிடுவாளோ என்று பயம். வேறு வழியில்லாமல் ஒரு நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். "அம்மா புடவை எல்லாம் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

மாமியின் வாய் சும்மா இருக்குமா? இன்ஸ்டிட்யூட் தெருவில் நாலு வீடு நாகராஜுக்குத் துணி போடுவதை நிறுத்தியது. திருட்டு வண்ணான் என்று பெயர் வந்தால் அப்புறம் எந்தப் படியில் ஏறுவான் அவன்?

சரஸ்வதி பூஜை அன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூ சுற்றி, சுண்டல் கொடுத்தார்கள். மாமி அவளை உள்ளே கூப்பிட்டு மணையில் உட்கார வைத்தாள். பத்மாசனி தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய். அதன் மேல் மடித்து வைத்திருந்தது மாம்பழக் கலர் கொறநாடு.

"நான் மடிசார் கட்டறவ, ஆறு கஜம் எனக்கு எதுக்கு? உனக்குத்தான் எடுப்பா இருக்கும், வச்சுக்கோ. இந்தக் கரைக்கு மேட்சா ரவிக்கைத் துணிதான் எங்கே தேடினாலும் கிடைக்காது."

அந்த ரவிக்கை அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தைத்துத் தயாராக இருந்தது.

சுந்தரவல்லி நிமிர்ந்தாள். தாம்பாளத்தைப் பிடித்திருந்த பத்மாசனியின் கை வெடவெடவென்று ஆடியது. குங்குமம் புடவை மேலேயே கொட்டிற்று. புடவையைத் தாயம்மாவிடம் போட்டது யார் என்று அப்போது சுந்தரவல்லிக்குப் புரிந்துவிட்டது. தன்னைப் போலவே இவளும் இந்தப் பத்து நாளாய்ச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆக, தப்பித்தாயிற்று. புடவை சபையறியக் கைக்கு வந்துவிட்டது. இனிமேல் யார் கேட்டாலும் "மாமி கொடுத்தது" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். பத்மாசனிக்கும் பிழைப்பு. திருடன் பட்டம் மட்டும் நாகராஜோடு நின்றுவிடும். சாயங்காலம் ரயில்வே கேட்டைத் தாண்டி நடக்கும்போது கையிலிருந்த புடவை கனத்தது. சொன்னால் வேலை போகும். ஒருவேளை போலீஸ் வரும். அப்பா காதுக்குப் போகும். இதெல்லாம் போகட்டும் என்றாலும், அவளை உலுக்கிய பயம் வேறு. புடவை பொய் என்று ஆகிவிட்டால் தோடும் பொய் என்றுதானே சொல்வார்கள்? ஒற்றைத் தோட்டை எவள் நம்புவாள்? அவளிடம் இருக்கிற ஒரே நிஜம் அதுதான்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேர வந்தவர்கள் முன்கூடத்தில் பெற்றோரோடு நின்றுகொண்டிருந்தார்கள். சுந்தரவல்லி அந்தக் கொறநாட்டைக் கட்டி, அதே கரை வைத்த ரவிக்கையைப் போட்டு, தோளில் ப்ரூச்சைக் குத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போனாள்.

மாமி முதலில் சிரித்தாள். "நான் சொன்னேனோல்லியோ, எவ்வளவு..." என்றவள் ரவிக்கைக் கையைப் பார்த்து நிறுத்தினாள். கிட்டே வந்து கரையை விரலால் தொட்டாள். முந்தானையைத் தொட்டாள். மறுபடி ரவிக்கையைத் தொட்டாள்.

"ஒரே ராத்திரியில இது எங்கேர்ந்து வந்தது?"

"முன்னாடியே தைச்சது மாமி. புடவையை வெட்டினது நான்தான். நாகராஜுக்கு ஒண்ணுமே தெரியாது. பாத்திரக்காரி மூட்டையில வாங்கி, கஞ்சிக்குப் போட்டேன். குறியைப் பார்த்து இங்கே கொண்டுவந்துட்டான்."

"பாத்திரக்காரி கிட்ட யார் போட்டா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. மாமி மறுபடி கேட்டாள். மாமியின் முகம் சிவந்தது. "அப்போ நீதான் பொட்டியைத் திறந்து..."

"நான்தாம்மா போட்டேன்." சமையலறை வாசலில் பத்மாசனி. குரல் பாதிதான் வந்தது. "ஒரு எவர்சில்வர் குடத்துக்கு. என் பேர் வெட்டி, எனக்குன்னு ஒரு பாத்திரம் வேணும்னு தோணித்து."

மாமி மருமகளைப் பார்த்த பார்வையில் பத்மாசனி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "உன்னோட அப்புறம் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள் மாமி. பிறகு சுந்தரவல்லி பக்கம் திரும்பினாள்.

"அம்மா புடவை, அம்மா புடவைன்னு சொன்னதெல்லாம்?"

"பொய்."

"இந்தத் தோடு?"

சுந்தரவல்லியின் கை தானாகப் போய் அதைப் பொத்திக்கொண்டது. "இது மட்டும் நிஜம் மாமி. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. இது எங்கம்மாவோடது."

"ஏன் ஒத்தையா இருக்கு?"

இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தப்போ, ஒரு காதுலதான் இருந்தது."

மாமி தன் வைரத் தோட்டை ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், தனக்கே தெரியாமல்தான் செய்திருக்க வேண்டும்.

"பத்மா, அழுக்கெல்லாம் மூட்டை கட்டி வை. நாகராஜை வரச்சொல்லி ஆள் அனுப்பு" என்றாள். அப்புறம், "நீ ஏன் நிக்கறே? புதுசா சேர வந்தவாள்லாம் முன்னாடி காத்துண்டிருக்கா" என்றாள். சுந்தரவல்லி போய் முதல் மெஷின் முன் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகராஜ் மாம்பலத்துக்கு வந்தான். வாசற்படிக்குக் கீழேயே நின்றான்.

"அன்னிக்கே கேட்டேனேம்மா. கொறையுதான்னு கேட்டேன்."

"பயமா இருந்தது நாகராஜ்."

"எனுக்கும்தாம்மா பயம். நாலு வூடு போச்சு. இப்போ ரெண்டுதான் திரும்பிக் கீது."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனும் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்து சேங்கொட்டையும் ஊசியும் எடுத்தான். "அந்தப் பொடவையைக் கொண்டா. குறி மாத்தணும். இல்லாங்காட்டி மறுபடி அங்கியே போய்ப்பூடும்."

பழைய இரண்டு புள்ளியையும் கோட்டையும் அடித்துவிட்டு, பக்கத்தில் அவள் வீட்டுக் குறியைப் போட்டான். ஊதிக் காயவைத்தான். அப்புறம் கையை நீட்டினான்.

"ரவிக்கையும் குடும்மா."